ஒரு நாடே பங்குக் கிணறானால்?

உயர்தர வகுப்பில் பொருளாதார முறைமைகள் பற்றிய பாடத்தைத் தொடங்கிய அன்று, கம்யூனிசம் என்றால் என்னவென்று பிள்ளைகளைக் கேட்டேன். “எல்லாருக்கும் சமமாப் பிரிச்சுக் குடுக்கிறது, சேர்” என்று கடைசி வாங்கிலிருந்து பதில் வந்தது. முன்னால் இருந்த பிள்ளை ஒருத்தி கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப எங்கட தோட்டத்துப் பங்குக் கிணறு மாதிரியோ?” என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. வரைவிலக்கணத்தை மனனம் செய்வதைவிட அந்தக் கிணற்றடியில் நின்று யோசித்தால், கம்யூனிசப் பொருளாதாரம் ஏன் கோடிக்கணக்கானவர்களைக் கவர்ந்தது என்பதும் விளங்கும், எங்கே இடறியது என்பதும் விளங்கும். அன்று வகுப்பில் சொன்னதையும், நேரம் போதாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தேங்குகிறது. அதைக் கிணற்றிலிருந்து இறைத்துத்தான் வெங்காயமும் புகையிலையும் வாழையும் விளைவிக்கிறோம். கல்லை உடைத்துக் கிணறு வெட்டுவது பெருஞ்செலவு. காணியோ சீதனமாகவும் முதுசமாகவும் பிரிந்து பிரிந்து சில பரப்புகளாகச் சுருங்கிவிட்டது. ஆளுக்கொரு கிணறு கட்டுப்படியாகாது. அதனால் ஒரு கிணறு நாலைந்து குடும்பங்களுக்குப் பொதுவாக இருக்கும். கிணற்றில் இத்தனை பங்கு, வழி வாய்க்கால் உரித்து என்று காணி உறுதியிலேயே எழுதியிருப்பார்கள். இன்று ஒருவர் இறைத்தால் நாளை மற்றவர். கிணறு தூர்ந்தால் செலவைப் பங்குப்படி போடுவார்கள். தண்ணீருக்கு விலை கிடையாது, முறைதான் உண்டு.

விளைச்சலுக்கு வேண்டிய முக்கியமான பொருள் பொதுவில் இருக்கிறது. அதைப் பேசிவைத்த முறைப்படி எடுக்கிறார்கள். அதைத் தன் கையில் வைத்துக்கொண்டு மற்றவரை வேலை வாங்க ஒருவராலும் முடியாது. கிணற்றோடு நில்லாமல் காணி, தொழிற்சாலை, மின்நிலையம், வங்கி, ரயில் எல்லாமே இப்படிப் பொதுவில் இருந்தால் எப்படி இருக்கும்? கம்யூனிசத்தின் அடிப்படை எண்ணம் இதுதான். சமமாகப் பிரிப்பது இரண்டாவது விஷயம். முதல் விஷயம், உற்பத்திச் சாதனம் யாருடையது என்பது.

அது ஏன் பொதுவில் இருக்க வேண்டும் என்பதற்குக் கார்ல் மார்க்ஸ் சொன்ன காரணத்தைச் சுருட்டுக் கொட்டில் ஒன்றை வைத்துச் சொல்லலாம். ஒரு தொழிலாளி ஒரு நாளில் சுற்றும் சுருட்டுக்குப் புகையிலையும் மற்றச் செலவும் 1000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சுருட்டு 3000 ரூபாவுக்கு விலைப்படுகிறது. கூலி 1200 ரூபா. அப்படியானால் அவருடைய உழைப்பு அந்தப் புகையிலையில் 2000 ரூபா பெறுமதியைச் சேர்த்திருக்கிறது. கையில் கிடைத்தது 1200. மிச்சம் 800 கொட்டில்காரருக்குப் போகிறது. இந்த 800ஐத்தான் மார்க்ஸ் உபரி மதிப்பு என்றார். கொட்டில்காரர் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே கேள்வியே இல்லை. கொட்டிலும் புகையிலையும் அவருடையவை, தொழிலாளியிடம் இருப்பது இரண்டு கைகள் மட்டும். அந்த நிலை மாறாதவரை 800 ரூபா அந்தப் பக்கம்தான் போகும் என்பது மார்க்சின் வாதம்.

இதற்கு மறுப்பு உண்டு. முதல் போட்டவரின் துணிவு, கடன் சுமை, சரக்கு விற்காமல் போகும் ஆபத்து இவையெல்லாம் அந்தக் கணக்கில் எங்கே என்று கேட்பார்கள். பெறுமதி உழைப்பிலிருந்து மட்டுமே பிறக்கிறது என்பதை இன்றைய பொருளியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்பதில்லை. ஆனால், நாளைக்கு உலை வைக்க இன்றைய கூலி வேண்டும் என்ற நிலையில் நிற்பவர் சமமாக நின்று பேரம் பேச முடியாது என்ற அவதானிப்பு இன்றும் உண்மை. எங்கள் தோட்டங்களில் நாட்கூலிக்கு வெங்காயம் கிண்டும் பெண்களைக் கேட்டாலே தெரியும்.

மார்க்ஸ் எதிர்காலச் சமுதாயத்தைப் பற்றி அதிகம் எழுதி வைக்கவில்லை. 1875இல் ஒரு விமர்சனக் குறிப்பில் இரண்டு கட்டங்களைச் சொன்னார். முதற் கட்டத்தில் ஒவ்வொருவரும் தாம் செய்த வேலைக்கு ஏற்பப் பெறுவார்கள். உற்பத்தி பெருகி, மனிதர்களின் மனப்பாங்கும் மாறிய பிறகு வரும் உயர்ந்த கட்டத்தில், ஒவ்வொருவரும் இயன்ற அளவு உழைத்து, தேவையான அளவு பெறுவார்கள். முதற் கட்டத்துக்குச் சோசலிசம் என்றும் இரண்டாவதற்குக் கம்யூனிசம் என்றும் பெயர் பின்னர் நிலைத்தது. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் அடிக்கடி தவறவிடுகிறார்கள். சோவியத் ஒன்றியம் தன்னை ஒருபோதும் கம்யூனிச நிலையை அடைந்த நாடு என்று சொன்னதில்லை. சோசலிச நாடு என்றே சொன்னது. 1961இல், சோவியத் தலைவர் குருசேவின் காலத்துக் கட்சி வேலைத்திட்டம், 1980 அளவில் கம்யூனிசத்துக்கான அடித்தளம் கட்டி முடிந்துவிடும் என்று வாக்களித்தது. அந்த ஆண்டு வந்தது, போனது.

(பெயர் என்றதும் நினைவு வருகிறது. எங்கள் நாட்டின் பெயரிலும் சோசலிசம் இருக்கிறது: இலங்கை சனநாயக சோசலிசக் குடியரசு. அந்தப் பெயர் வந்த 1978 அரசியலமைப்பைக் கொண்டுவந்தது, முந்திய ஆண்டு பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட அதே அரசாங்கம். ஆகவே பெயரை வைத்து முடிவெடுக்க வேண்டாம், உடைமையும் தீர்மானமும் யார் கையில் என்று பாருங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன்.)

சரி, எல்லாம் பொதுவாகிவிட்டது என்று வைப்போம். எதை எவ்வளவு உற்பத்தி செய்வது, எப்படிச் செய்வது, யாருக்காகச் செய்வது என்ற மூன்று கேள்விகள் அப்போதும் போகாது. பங்குக் கிணற்றில் ஐந்து பேரும் வரம்பில் நின்று பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். கோடிக்கணக்கானவர்கள் எந்த வரம்பில் நின்று பேசுவது?

சந்தையில் இந்த வேலையை விலை செய்கிறது. சுன்னாகம் சந்தையில் ஒரு காலை வெங்காயம் கிலோவுக்கு 50 ரூபா ஏறுகிறது என்று வையுங்கள். ஏன் ஏறியது என்று யாருக்கும் தெரிந்திருக்கத் தேவையில்லை. மழையில் அழுகியிருக்கலாம், கொழும்பு வியாபாரி கூடுதலாகக் கேட்டிருக்கலாம். ஆனாலும் சமைப்பவர் ஒரு பிடி குறைத்துப் போடுகிறார், தோட்டக்காரர் அடுத்த போகத்துக்கு இன்னும் ஒரு பரப்பு நட யோசிக்கிறார், வைத்திருந்தவர் வெளியே எடுக்கிறார். விலை என்பது ஒரு சேதி. 1920இல் மீசஸ் என்ற ஆஸ்திரியப் பொருளியலாளர் எழுப்பிய கேள்வி இதுதான்: தொழிற்சாலையும் காணியும் விற்று வாங்கப்படாத நாட்டில் அவற்றுக்கு விலை இராது, விலை இல்லாமல் எது இலாபம், எது விரயம் என்று எப்படிக் கணக்குப் பார்ப்பீர்கள்? போலந்தைச் சேர்ந்த ஒஸ்கார் லாங்கே என்ற சோசலிசப் பொருளியலாளர், திட்டக் குழுவே விலைகளை நிர்ணயித்து, தட்டுப்பாடு வந்தால் கூட்டி, தேங்கினால் குறைத்துச் சரிப்படுத்தலாம் என்று பதில் சொன்னார். இந்த வாதம் இன்னும் முடியவில்லை.

ரஷ்யாவின் சோவியத் அரசாங்கம் இந்த வாதங்கள் முடியும்வரை காத்திருக்கவில்லை. 1921இல் கொஸ்பிளான் என்ற அரச திட்டக் குழுவை அமைத்தது. 1928இல் முதலாவது ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியது. தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு செய்ய வேண்டும் என்ற இலக்கு மேலிருந்து வரும். அதற்கு வேண்டிய மூலப்பொருளும் மேலிருந்தே ஒதுக்கப்படும். விலையையும் அரசாங்கமே எழுதும்.

கேட்க எளிதாக இருக்கும். ஒரு சோடி சப்பாத்தை எடுங்கள். தோல், நூல், ஆணி, பசை, மின்சாரம் வேண்டும். தோலுக்கு மாடு வேண்டும், மாட்டுக்குத் தீவனம், தீவனம் விளைய உழவு இயந்திரம், இயந்திரத்துக்கு உருக்கு, உருக்குக்கு நிலக்கரி. நிலக்கரி தோண்டும் தொழிலாளிக்குச் சப்பாத்து வேண்டும்! சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே நிற்கிறோம். ஓரிடத்தில் கணக்குப் பிசகினால் சங்கிலி முழுவதும் ஆடும். இப்படி ஆயிரமாயிரம் பொருட்களுக்கு, கணினி இல்லாத காலத்தில், கடதாசியில் வரவும் செலவும் ஒப்பிட்டார்கள்.

ஆனால் கணக்கின் பாரத்தைவிடப் பெரிய சிக்கல் வேறொன்று. கொஸ்பிளானுக்குக் கணக்கு எங்கிருந்து வருகிறது? தொழிற்சாலை முகாமையாளர் அனுப்பும் அறிக்கையிலிருந்து. அவருடைய சன்மானமும் பதவியும், ஸ்டாலின் காலத்தில் உயிருமேகூட, அந்த இலக்கை எட்டுவதில் தொங்கின. இந்த ஆண்டு இலக்கைத் தாண்டிக் காட்டினால் அடுத்த ஆண்டு இலக்கு உயரும். ஆகவே கெட்டிக்கார முகாமையாளர் தன் தொழிற்சாலையால் எவ்வளவு முடியும் என்பதைக் குறைத்துச் சொன்னார், மூலப்பொருளைக் கூட்டிக் கேட்டார், கிடைத்ததைப் பதுக்கி வைத்தார். பதுக்கியதால் மற்றத் தொழிற்சாலைக்குத் தட்டுப்பாடு. அதைத் தீர்க்க, ஊர் ஊராகப் போய் ஆட்களைப் பிடித்துச் சரக்கைப் பெயர்த்துவரும் இடைத்தரகர்கள் முளைத்தார்கள். திட்டத்தில் அவர்களுக்கு இடமே இல்லை. அவர்கள் இல்லாமல் திட்டம் ஓடவும் இல்லை.

இலக்கை எதில் அளப்பது என்பதும் தலையிடிதான். தொங்கு விளக்குகளின் உற்பத்தியைத் தொன் கணக்கில் அளந்தபோது, தொழிற்சாலைகள் விளக்கைக் கனமாகச் செய்யத் தொடங்கின. இதைப் பற்றிக் குருசேவே பகிரங்கமாகக் குறைப்பட்டார். வாங்குபவர் முகம் சுளிப்பது முகாமையாளரைத் தொடவில்லை, ஏனென்றால் அவருக்குப் படியளப்பவர் வாங்குபவர் இல்லை, அமைச்சு.

கிணற்றடியை இங்கே நினைத்துப் பாருங்கள். முறை தவறி ஒருவர் இறைத்தால் வாய்க்கால் ஈரம் காட்டிக் கொடுக்கும். அடுத்த நாள் பங்காளி நேரிலேயே கேட்பார். மாஸ்கோவில் மேசையில் இருப்பவருக்கு ஈரமான வாய்க்கால் தெரியாது. அவருக்குத் தெரிவது அறிக்கை.

அறிக்கை பொய்யானால் என்ன நடக்கும் என்பதைச் சீனா மிகக் கொடுமையாகக் கண்டது. 1958இல் மாவோ ‘பெரும் பாய்ச்சல்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். காணிகள் கம்யூன் எனப்பட்ட பெரும் கூட்டுப்பண்ணைகளாகின. விளைச்சல் பல மடங்கு என்று காட்ட அதிகாரிகள் ஒருவரோடொருவர் போட்டியிட்டார்கள். அரசாங்கம் அந்தப் பொய்க் கணக்கை வைத்துத் தன் பங்குத் தானியத்தை அள்ளிக்கொண்டு போனது. கிராமத்தில் மிஞ்சியது போதவில்லை. இல்லை என்று சொன்னவர் பதுக்கல்காரர் எனப்பட்டார். அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளில் பஞ்சத்தில் இறந்தவர்கள் ஒன்றரைக் கோடியில் இருந்து நாலரைக் கோடி வரை என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். அதற்கு முன், 1932-33இல், கட்டாயக் கூட்டுப்பண்ணையும் தானியப் பறிமுதலும் உக்ரைனிலும் கசகஸ்தானிலும் இலட்சக்கணக்கானவர்களைப் பட்டினியில் கொன்றிருந்தன. இந்த இடத்தை நான் வகுப்பில் வேகமாகக் கடப்பதில்லை. பங்குக் கிணற்றுக்கும் இதற்கும் உள்ள தூரம் இங்கேதான் இருக்கிறது: கிணற்றுப் பங்காளி “எனக்கு ஒத்துவராது” என்று சொல்லலாம். அந்த விவசாயிகளுக்கு அந்த வாய் இருக்கவில்லை. எழுதப் பத்திரிகையும் இல்லை, வாக்களித்து மாற்ற வழியும் இல்லை.

அதே முறை சாதித்தவற்றையும் சொல்லத்தான் வேண்டும். எழுத்தறிவில்லாத பெரும் விவசாய நாடாக இருந்த ரஷ்யா ஒரு தலைமுறைக்குள் படித்த தொழில் நாடானது. வேலையில்லை என்று யாரும் தெருவில் நிற்கவில்லை. மருத்துவமும் கல்வியும் காசு கேட்கவில்லை. 1961இல் மனிதனை முதன்முதலாக விண்வெளிக்கு அனுப்பியதும் அந்த நாடுதான். ஒரே ஒரு பெரிய நோக்கத்துக்கு நாட்டின் வளத்தையெல்லாம் திரட்டுவதில் திட்டப் பொருளாதாரம் வல்லது. உருக்காலை, அணைக்கட்டு, ரொக்கெட் எல்லாம் வரும். சவர்க்காரம், குழந்தைச் சப்பாத்து, நல்ல இறைச்சி போன்ற ஆயிரம் சிறிய தேவைகளில்தான் தடுமாறியது. அந்தத் தேவைகளுக்குத்தான் மனிதர் தினமும் கடைக்குப் போகிறார்கள். கூட்டுப்பண்ணை விவசாயிகளுக்குச் சொந்தமாகப் பயிரிட விட்ட சிறு துண்டுக் காணிகள் மொத்த விளைநிலத்தில் நூற்றுக்கு 3 பங்கு அளவுதான். ஆனால் நாட்டின் வேளாண் உற்பத்தியில் ஏறத்தாழக் கால்வாசி அவற்றிலிருந்து வந்தது.

அப்புறம், வரிசை. சோவியத் அரசாங்கம் பாணின் விலையைப் பல ஆண்டுகள் ஏற்றவே இல்லை. ஏழைக்கு நல்லதுதான். ஆனால் தீவனத்தைவிடப் பாண் மலிவானபோது அதை வாங்கிக் கால்நடைக்குப் போட்டார்கள். விலை ஏறாத இடத்தில் வரிசை நீளும். காசுக்குப் பதிலாக நேரத்தைக் கொடுத்து வாங்க வேண்டும், அல்லது உள்ளே ஆளைத் தெரிந்திருக்க வேண்டும்.

வரிசை எங்களுக்குப் புதிதில்லை. 1970இல் வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கத்தில் இடதுசாரிகளான சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் பங்காளிகள். இலங்கை அப்போதும் கம்யூனிச நாடாகவில்லை. தனியார் கடை இருந்தது, காணி இருந்தது, தேர்தலும் இருந்தது. ஆனால் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதியை இறுக்கினார்கள், காணி உச்சவரம்பு கொண்டுவந்தார்கள், பெருந்தோட்டங்களை அரசுடைமையாக்கினார்கள். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஆச்சி ஒருவர், விடியப்புறம் எழும்பிப் பாணுக்குப் போய் நின்றதையும், கூப்பன் புத்தகத்தோடு சங்கக்கடைக்கு நடந்ததையும், மரவள்ளிக் கிழங்கால் பசி ஆறியதையும் சொல்லுவார். நாலு வீடு தள்ளியிருக்கும் பெரியவர், அதே ஆண்டுகளில் செத்தல் மிளகாய் விற்றுத்தான் கல்வீடு கட்டினேன் என்பார். இரண்டும் உண்மை. வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் வராததால் யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்குப் பொற்காலம். வாங்கித் தின்பவர்களுக்கு வரண்ட காலம். 1977க்குப் பிறகு சந்தை திறந்ததும் பாண் வரிசை மறைந்தது, இறக்குமதிச் சரக்கின் விலையோடு போட்டி போட முடியாமல் பல வெங்காய, மிளகாய்த் தோட்டங்கள் நொடிந்தன. விலை கொண்டுவரும் சேதி சிலருக்கு அழிவுச் சேதியாகவும் இருக்கும் என்பதை எங்கள் ஊர் நன்றாகவே அறியும்.

கூப்பனைக் கண்டதும் கம்யூனிசம் என்று நினைத்துவிடவும் கூடாது. இலங்கையில் அரிசிப் பங்கீடு தொடங்கியது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், பிரித்தானிய ஆட்சியில். 2022இல் பெற்றோலுக்கு கியூஆர் அட்டை வந்தபோதும் நாம் கண்டது பங்கீடுதான். எந்த முறையிலும் தட்டுப்பாடு முற்றினால் பங்கீடு வரும். திட்டப் பொருளாதாரத்தில் அது அவசரகால மருந்தாக இல்லாமல் அன்றாடச் சாப்பாடாகிப் போனது என்பதே வேறுபாடு.

இன்றைய கணினியால் கொஸ்பிளானின் வேலையைச் சரியாகச் செய்யலாமே என்று ஒவ்வொரு ஆண்டும் ஒரு மாணவராவது கேட்பார். கீவ் நகரில் இருந்த விக்டர் குளுஷ்கோவ் என்ற விஞ்ஞானி 1960களிலேயே நாடு முழுவதையும் கணினி வலையால் இணைத்துத் திட்டமிட யோசனை கொடுத்தார். அமைச்சுகளின் இழுபறியில் அது முழுமையாக நிறைவேறவில்லை. கணக்குப் போடும் வேகம் இன்று ஒரு தடையே இல்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் கணினிக்குள் போகும் எண்ணை எழுதுபவர் இன்னும் மனிதர்தான். உண்மையை எழுதினால் தண்டனை, பொய்யை எழுதினால் சன்மானம் என்றால் எந்த இயந்திரமும் உதவாது என்றே எனக்குப் படுகிறது.

சீனா 1978க்குப் பிறகு வழி மாறியது. அந்த ஆண்டுக் கடைசியில் அன்ஹுய் மாகாணத்துச் சியாவ்காங் கிராமத்தில் 18 விவசாயிகள் கூட்டுக் காணியை வீடு வீடாகப் பிரித்துச் செய்ய இரகசியமாக உடன்பட்டு விரல் அடையாளம் வைத்தார்கள். யாராவது சிறைக்குப் போனால் அவர் பிள்ளைகளை மற்றவர்கள் வளர்ப்பது என்றும் எழுதினார்கள். விளைச்சல் கூடியது. டெங் சியாவோபிங் தலைமையில் அந்த முறை நாடெங்கும் பரவியது. வியட்நாம் 1986இல் அதே திசையில் திரும்பி, 1989இல் அரிசி ஏற்றுமதி செய்தது. இரண்டு நாட்டிலும் ஆள்வது இன்றும் கம்யூனிஸ்ட் கட்சி. கடையில் ஓடுவது பெரும்பாலும் சந்தை. சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தது.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது மணி அடிக்கச் சில நிமிடம் இருந்தது. அந்தப் பிள்ளை மறுபடியும் கேட்டாள்: “சேர், கிணத்தில பங்கில்லாத ஆக்கள் என்ன செய்யிறது?”

யாழ்ப்பாணத்தில் கம்யூனிஸ்ட்டுகள் வேர் பிடித்தது இந்தக் கேள்வியில்தான். உறுதியில் ஐந்து பெயர் இருக்கும். அந்த ஐந்தில் ஒன்றாக ஒருபோதும் வர முடியாத சாதிகள் இருந்தன. அவர்கள் கிணற்றுக் கட்டுக்கு வெளியே குடத்தோடு நின்று, யாராவது அள்ளி ஊற்றும்வரை பார்த்திருக்க வேண்டும். தேநீர்க் கடையில் வேறு குவளை, கோயிலில் வெளி வீதி. 1956இல் பருத்தித்துறைத் தொகுதி பொன். கந்தையாவைக் கம்யூனிஸ்ட் உறுப்பினராகப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. பத்தாண்டு கழித்து, 1966 ஒக்டோபர் 21 அன்று, தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டது. பொலிஸ் தாக்கியும் அது நிற்கவில்லை. முன்னின்றவர்கள் சண்முகதாசன் தலைமையிலான, சீனச் சார்புக் கம்யூனிஸ்ட்டுகள். அதன் பின் தேநீர்க் கடைகளும் மாவிட்டபுரம் உள்ளிட்ட கோயில்களும் போராட்டக் களமாகின. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அவர்கள் கனவு கண்ட பொருளாதாரம் இங்கே ஒருநாளும் வரவில்லை. கிணற்றுக் கட்டில் யார் ஏறலாம் என்பது மாறியது.

காணி மாறவில்லை. பெயர் உறுதியில் இல்லாதவர்களின் பேரப்பிள்ளைகளில் பலர் இன்றும் அந்தக் கிணற்றுத் தண்ணீர் பாயும் தோட்டங்களில் நாட்கூலிக்கே போகிறார்கள். அவர்களில் இருவர் என் வகுப்பில் படிக்கிறார்கள். மணி அடித்த பிறகும் எழும்பாமல் இருந்தவர்கள் அவர்கள்தான்.